எலினோர் டி மான்ட்ஃபோர்ட்டின் விதவைப் பங்கு: பேராசையா, நியாயமான பாக்கியா?

அகழிக்கரை

இங்கிலாந்து அரசர் ஜானின் கடைசி மகள், மூன்றாம் ஹென்றியின் தங்கை எலினோர் (1215–1275) பற்றிப் பேசும்போதெல்லாம் "அண்ணனால் ஏமாற்றப்பட்ட தங்கை" என்றே எழுதுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 1224இல், ஒன்பது வயதில், பெம்புரோக் பிரபு இளைய வில்லியம் மார்ஷலுக்கு மணம் செய்துவைக்கப்பட்டார். மார்ஷல் 1231 ஏப்ரலில் பிள்ளையில்லாமல் இறந்தார். பதினாறு வயது விதவை, இனி மணமில்லை என்று கற்பு விரதம் எடுத்தார். 1238 ஜனவரியில் அதை மீறி, பின்னாளில் ஹென்றியை எதிர்த்து நின்ற பிரபு சைமன் டி மான்ட்ஃபோர்ட்டை மணந்தார். முதல் கணவரின் அயர்லாந்து, தெற்கு வேல்ஸ் நிலங்களில் வரவேண்டிய விதவைப் பங்குக்குப் பதிலாக ஆண்டுக்கு 400 பவுண்டு என்று 1233இல் ஒப்பந்தமானது. அதை ஏற்றுக்கொண்டு கால் நூற்றாண்டு கழிந்தபின், "பங்கு குறைவு" என்று சொல்லி 1259இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையேயான பாரிஸ் உடன்படிக்கையையே நிறுத்திவைத்தார்கள் கணவனும் மனைவியும். பொதுக் காரியத்தைக் குடும்பப் பணத்துக்குப் பணயம் வைத்தது என்பதைத் தவிர இதற்கு வேறு பெயர் இல்லை.

பட்டயம்

சட்டம் என்ன சொன்னது என்று முதலில் பார்த்துவிடலாம். அது தெரியாமல் பேராசை, நியாயம் என்று பேசிப் பயனில்லை.

அரசர் ஜான் தந்த உரிமைப் பட்டயமான மேக்னா கார்ட்டாவின் ஏழாம் பிரிவுப்படி, கணவன் இறந்ததும் விதவைக்கு அவளுடைய சீதனமும் பிறந்தவீட்டுச் சொத்தும் உடனே, கட்டணமில்லாமல் கிடைக்கவேண்டும். கணவன் வீட்டில் நாற்பது நாள் இருக்கலாம். அந்த நாற்பது நாளுக்குள் விதவைப் பங்கைப் பிரித்துக் கொடுத்துவிட வேண்டும். எவ்வளவு என்பதை 1217 மறுவெளியீடு தெளிவாகச் சொன்னது: திருமண நாளில் இதைவிடக் குறைவாகப் பேசி முடிக்கப்படாவிட்டால், கணவன் வைத்திருந்த நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு. ஆயுள் உள்ளவரை அனுபவிக்கலாம். விற்கவோ பிள்ளைகளுக்கு எழுதிவைக்கவோ முடியாது. இறந்ததும் கணவனின் வாரிசுக்கே திரும்பிவிடும்.

பங்கு பிரிப்பவர் வாரிசு. இங்கே வாரிசு கணவரின் தம்பி ரிச்சர்ட் மார்ஷல். முறைப்படி நடந்திருந்தால் ஒவ்வொரு பண்ணையையும் அளந்து, நடுவர்கள் சத்தியப்பிரமாணத்தின்மேல் ஆண்டு மதிப்புச் சொல்லி, அதில் மூன்றில் ஒன்றை ஊர் ஊராகப் பெயர்சொல்லி ஒப்படைத்திருக்க வேண்டும். 400 பவுண்டு அப்படி வந்த தொகை இல்லை. அரசர் இடையில் நின்று பேசி முடித்த மொத்தத் தொகை. நாற்பது நாளில் முடியவேண்டியது இரண்டு ஆண்டு இழுத்தது. அதற்குள் எலினோருக்கு வயது பதினெட்டு, அப்பா இல்லை, அம்மா இசபெல்லா மறுமணம் செய்துகொண்டு பிரான்சில். அவர் பக்கம் நின்று பேசவேண்டியவர் ஹென்றி ஒருவர்தான்.

அகழிக்கரை

//400 பவுண்டு அப்படி வந்த தொகை இல்லை//

சரி. ஆனால் 400 பவுண்டு என்றால் என்ன என்றும் சொல்லுங்கள். 600 மார்க் (மூன்று மார்க் சேர்ந்தால் இரண்டு பவுண்டு). அந்தக் காலத்தில் ஆண்டுக்கு 20 பவுண்டு நில வருமானம் உள்ளவனை நைட் பட்டம் ஏற்கும்படி அரசர் கட்டாயப்படுத்தினார். அப்படி இருபது பேரின் வருமானத்தை ஒரே பெண் வீட்டில் உட்கார்ந்தபடி வாங்கினார். இங்கிலாந்துப் பண்ணைகளில் அவருக்கு இருந்த பங்கு தனி.

நிலமாகவே கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அயர்லாந்தின் லென்ஸ்டரில் மூன்றில் ஒரு பங்கை ஆள அவர் அங்கே காரியக்காரர்களை வைக்கவேண்டும், கோட்டைகளைப் பராமரிக்கவேண்டும், கலவரம் வந்தால் அந்த வருட வசூல் போச்சு. தெற்கு வேல்ஸும் அப்படியே. கடல் தாண்டிய சொத்துக்கு நிலையான ரொக்கம் வாங்கிக்கொள்வது புத்திசாலித்தனம். அந்தச் சலுகையை அனுபவித்துவிட்டு நில விலை ஏறியதும் "எனக்கு நிலம்தான் வேண்டும்" என்பது என்ன நியாயம்?

பட்டயம்

"நிலையான ரொக்கம்" என்கிறீர்களே, நிலையாக வந்ததா என்று பாருங்கள். 1233இல் கையெழுத்துப் போட்ட ரிச்சர்ட் மார்ஷல் அதே ஆண்டு அரசருக்கு எதிராகக் கிளர்ந்தார். 1234 ஏப்ரலில் அயர்லாந்தில் பட்ட காயத்தில் இறந்தார். அடுத்த தம்பி கில்பர்ட் 1241இல் பந்தயப் போரில் குதிரையிலிருந்து விழுந்து இறந்தார். அடுத்தவர் வால்டர் 1245 நவம்பரில். கடைசித் தம்பி அன்செல்ம் அதே டிசம்பரில். பன்னிரண்டு ஆண்டில் பணம் கொடுக்கவேண்டியவர் நான்கு முறை மாறிவிட்டார்! ஒவ்வொரு முறையும் புது வாரிசு "எனக்கு முன்னால் இருந்தவர் ஒப்புக்கொண்டது" என்று இழுத்தடிப்பார். பாக்கி ஏறும். கடைசியில் அரசரே கஜானாவிலிருந்து கொடுத்துவிட்டு வாரிசுகளிடம் வசூலிக்கும் நிலை வந்தது. வசூல் ஆகவில்லை.

நிலத்துக்கும் ரொக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். நிலம் கையில் இருந்தால் குடியானவன் வாரம் கட்டாவிட்டால் அவன் மாட்டைப் பிடித்துக் கட்டலாம். ஊர் நீதிமன்ற அபராதம், ஆலை வருமானம், வயதுவராத வாரிசுகளின் காவல் உரிமை, அவர்களுடைய திருமணத்தை முடிக்கும் உரிமை, மரம், மீன்பிடிப்பு எல்லாம் அதோடு வரும். விலைவாசி ஏறினால் வருமானமும் ஏறும். அந்த நூற்றாண்டில் தானிய விலை ஏறிக்கொண்டே போனது. 400 பவுண்டு 400ஆகவே நின்றது.

சுருள்வாசி

இடையில் நுழைவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். "குறைவு என்று தெரிந்தால் அன்றே வழக்குப் போட்டிருக்கலாமே" என்ற கேள்வி அடுத்து வரும் என்பதால் முன்கூட்டியே.

விதவைப் பங்குக்கு வேகமான ரிட் ஒன்று உண்டு; நேராக அரசரின் நீதிமன்றத்தில் போடலாம். ஆனால் "எனக்கு எதுவுமே கிடைக்கவில்லை" என்று சொல்லக்கூடியவளுக்கு மட்டுமே அது. கொஞ்சமாவது வாங்கிவிட்டால் அந்தக் கதவு மூடிவிடும். பிறகு உள்ளது உரிமை ரிட். அது வாரிசின் சொந்த நீதிமன்றத்தில் தொடங்கி மேலே வரவேண்டும், வாய்தாமேல் வாய்தா. 1236இல் மெர்ட்டன் சட்டம், பங்கைத் தராமல் வைத்திருந்த காலத்துக்கு நஷ்டஈடு உண்டு என்றது. ஒப்பந்தம் போட்டு வாங்கிக்கொண்டவருக்கு அதில் பலனில்லை. அயர்லாந்து நிலத்துக்கு டப்ளினில் வேறு நிர்வாகம்.

மறுமணத்துக்குப் பிறகு அவர் தனியாக வழக்காடவும் முடியாது. கணவரோடு சேர்ந்துதான். ஆகவே ஆவணங்களில் சைமன் பெயர் முன்னால் நிற்பதைப் பார்த்து "இது சைமனின் பணத்தாசை" என்று முடிவுகட்ட வேண்டாம். யார் உரிமை என்றாலும் அப்படித்தான் எழுதுவார்கள்.

அகழிக்கரை

சைமன் பெயர் முன்னால் நிற்பதற்கு வேறு காரணமும் உண்டு. லெஸ்டர் பிரபு என்று பெயர் பெரிதே தவிர, அவருக்கு வந்தது லெஸ்டர் நிலத்தில் ஒரு பாதி. மறுபாதி முந்தைய தலைமுறையிலேயே வின்செஸ்டர் பிரபு குடும்பத்துக்குப் போய்விட்டது. வீட்டுச் செலவுக்கு எலினோரின் வருமானம் இல்லாமல் முடியாது. இதற்குமேல் அரசர் ஆண்டுக்கு 500 மார்க் மானியம் கொடுத்தார். ஓடியம் கோட்டை கொடுத்தார், கெனில்வொர்த் கோட்டையை இருவருக்கும் ஆயுள் உள்ளவரை என்று கொடுத்தார். இத்தனையும் வாங்கிய குடும்பம் மேலும் கேட்டால் பேராசை என்றுதான் சொல்வேன்.

ஆடம் மார்ஷ் என்ற பிரான்சிஸ்கன் துறவி இந்தக் குடும்பத்தின் நெருங்கிய நண்பர். அவரே எலினோருக்கு எழுதிய கடிதங்களில் கோபத்தையும் ஆடை ஆடம்பரத்தையும் கண்டித்திருக்கிறார். எதிரி எழுதியதல்ல, நலம்விரும்பி எழுதியது.

பட்டயம்

நீங்கள் அடுக்கிய பட்டியலையே வைத்துச் சொல்கிறேன். 400 பவுண்டு எலினோரின் ஆயுள் வரை. ஓடியமும் கெனில்வொர்த்தும் ஆயுள் வரை. 500 மார்க் மானியம் கஜானாவில் பணம் இருந்தால் வரும், இல்லாவிட்டால் காத்திருக்கவேண்டும். ஐந்து மகன்கள் — ஹென்றி, இளைய சைமன், அமௌரி, கை, ரிச்சர்ட் — ஒரு மகள். எலினோர் கண்மூடிய மறுநாள் இந்த வீட்டின் வருமானத்தில் பெரும்பகுதி நின்றுவிடும். மூத்தவனுக்கு அப்பாவின் அரை லெஸ்டர். மற்ற நால்வருக்கு?

அரசர் தன் தங்கையைக் கொடுக்கும்போது வாரிசுரிமையுள்ள நிலமாகச் சீதனம் கொடுத்திருக்கவேண்டும். 1238இல் வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனையின் சிறு தேவாலயத்தில் ரகசியமாகத் தாமே கைப்பிடித்துக் கொடுத்தாரே, நிலம் எங்கே கொடுத்தார்? இவர்கள் பிடிவாதத்துக்குக் காரணம் பிள்ளைகள். உயிரோடு இருக்கும்போதே பாக்கியை வசூலித்து நிலமாக்கினால்தான் அவர்களுக்கு ஏதாவது மிஞ்சும்.

சுருள்வாசி

வாரிசுகள் ஏன் இத்தனை கெட்டியாக நின்றார்கள் என்பதற்கு ஒரு கணக்கு. எல்லோரும் "மார்ஷல் வாரிசுகள் மறுத்தார்கள்" என்று ஒரு வரியில் கடந்துபோகிறார்கள்.

அன்செல்மோடு ஆண்வழி அற்றுப்போனதால் 1247இல் சொத்து ஐந்து சகோதரிகளின் பங்காகப் பிரிந்தது. அதில் சிபில் என்பவரின் பங்கு மட்டும் ஏழு மகள்களுக்குப் போனது. அப்போது வால்டரின் விதவை, லிங்கன் சீமாட்டி மார்கரெட்டும் உயிரோடு இருந்தார். அவருக்கும் பங்கு உண்டு. முதல் விதவையின் பங்கின்மேல் இரண்டாம் விதவை பங்கு கேட்கமுடியாது என்பது விதி. ஆகவே முதல்வருக்கு மொத்தத்தில் மூன்றில் ஒன்று, இரண்டாமவருக்கு மீதியில் மூன்றில் ஒன்று.

விளக்கத்துக்காக மொத்த வருமானம் 1,800 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம் (உண்மைத் தொகை இதுவென்று சொல்லவில்லை). எலினோருக்கு முழுப் பங்கு என்றால் 600. மீதி 1,200இல் மார்கரெட்டுக்கு 400. மிச்சம் 800, ஐந்தாகப் பிரித்தால் தலைக்கு 160. எலினோர் 400ஓடு நின்றால் மீதி 1,400. மார்கரெட்டுக்கு 466 பவுண்டு 13 ஷில்லிங் 4 பென்ஸ். மிச்சம் 933 பவுண்டு 6 ஷில்லிங் 8 பென்ஸ்; தலைக்கு 186 பவுண்டு 13 ஷில்லிங் 4 பென்ஸ். அதாவது ஒவ்வொரு வாரிசுப் பங்குக்கும் ஆண்டுக்குச் சரியாக 40 மார்க் லாபம், இன்னொரு விதவைக்கும் லாபம். எலினோரின் பங்கை உயர்த்தினால் இவர்கள் அத்தனை பேரும் இழக்கவேண்டும். அத்தனை பேரையும் ஒரே வழக்கில் அழைக்கவேண்டும்; ஒருவர் வரவில்லை என்றாலும் வாய்தா.

பட்டயம்

அந்த வாரிசுகளில் ஒருவர் யார் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். பெம்புரோக் பங்கு ஜோன் டி மஞ்சென்சிக்குப் போனது. அவரை 1247இல் மணந்தவர் வில்லியம் டி வாலென்ஸ். இசபெல்லாவின் மறுமணத்தில் பிறந்த மகன். ஹென்றிக்கும் எலினோருக்கும் ஒரே தாய் வயிற்றுத் தம்பி. பிரான்சிலிருந்து வந்தவுடனே ஹென்றி இந்தத் தம்பிக்கு மார்ஷல் வாரிசைக் கட்டிவைத்தார். தங்கைக்கு நியாயம் செய்யவேண்டுமானால் தம்பியின் வருமானத்தைக் குறைக்கவேண்டும். நியாயம் வழங்கவேண்டியவரே எதிர்க்கட்சிக்குச் சம்பந்தம் செய்துவைத்தவர். 1258இல் வாலென்ஸ் சைமனைத் துரோகி என்று ஏசியதற்குப் பின்னால் இந்தக் கணக்கும் இருக்கிறது.

அகழிக்கரை

கணக்கு நன்றாக இருக்கிறது. என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

பாரிஸ் உடன்படிக்கைப்படி ஹென்றி நார்மண்டி, ஆன்ஜூ, மெய்ன், தூரேன், புவாத்தூ ஆகியவற்றின் மீதான உரிமையை விட்டுக்கொடுக்கவேண்டும். ஜானின் பிள்ளைகள் என்ற முறையில் ஹென்றியின் தம்பி ரிச்சர்டும் எலினோரும் தனித்தனியாக உரிமைவிடுதல் எழுதித்தரவேண்டும். கார்ன்வால் பிரபு ரிச்சர்ட் 1259 தொடக்கத்திலேயே கொடுத்துவிட்டார். எலினோருக்கு அந்த நிலங்களில் என்ன வாய்ப்பு இருந்தது? முன்னால் இரண்டு அண்ணன்கள், அவர்களுடைய மகன்கள். நடைமுறையில் பூஜ்யம். பூஜ்யத்துக்கு மதிப்பு வைத்து நாட்டின் சமாதானத்தை மாதக்கணக்கில் இழுத்தார். அதே காலத்தில் சைமன், பிரபுக்கள் தங்கள் குடிகளுக்கும் நியாயம் செய்யவேண்டும் என்று சீர்திருத்த மேடையில் நின்றார். மற்றவர்களுக்குத் தியாகம் சொல்லிவிட்டுத் தன் வீட்டுக் கணக்கைத் தனியே வைத்தவர் என்று குளோஸ்டர் பிரபு அவரோடு மோதியதில் வியப்பில்லை.

பட்டயம்

//பூஜ்யத்துக்கு மதிப்பு வைத்து//

அந்தக் கையெழுத்தைக் கேட்டவர் பிரெஞ்சு அரசர் ஒன்பதாம் லூயி. மதிப்பில்லை என்று அவர் நினைத்திருந்தால் கேட்டிருக்கமாட்டார். இருபத்தெட்டு ஆண்டு எந்த நீதிமன்றமும் திறக்காத கதவை இந்த ஒரு கையெழுத்து தட்டியது. வேறு எந்தப் பிடியும் அவரிடம் இல்லை. 1259 டிசம்பர் 4 அன்று, ஹென்றி பாரிசில் லூயிக்கு மரியாதைப் பிரமாணம் செய்த அதே நாளில், எலினோர் உரிமைவிடுதலைக் கொடுத்தார். கோரிக்கை தீராமலேயே கொடுத்தார். தீரும்வரை, உடன்படிக்கைப்படி தாம் ஹென்றிக்குத் தரவேண்டிய பணத்தில் 15,000 மார்க்கை நிறுத்திவைக்க ஏற்பாடு செய்தது லூயி. கடவுள்பயத்துக்குப் பேர்போன அரசர் அவர். வெறும் பேராசை என்று அவருக்குத் தோன்றியிருந்தால் இன்னொரு அரசரின் பணத்தைப் பிடித்துவைப்பாரா?

லாயக்காரர்

விரதத்தை மீறியதை யாரும் பேசவில்லை. மேத்யூ பாரிஸ் என்ற துறவி-வரலாற்றாசிரியர் அதைப் பெரிய குற்றமாக எழுதினாரே. அந்தத் திருமணம் செல்லாது என்றால் சைமனுக்கு இந்தக் கோரிக்கையில் இடமே இல்லை அல்லவா?

சுருள்வாசி

செல்லும். திருச்சபைச் சட்டத்தில் விரதம் இரண்டு வகை. மடத்தில் சேர்ந்து முறைப்படி எடுத்த விரதத்துக்குப்பின் திருமணமே உண்டாகாது. ஆயர் முன்னிலையில் மோதிரம் வாங்கிக்கொண்டு, உலக வாழ்க்கையில் இருந்தபடியே எடுக்கும் எளிய விரதத்தை மீறினால் பாவம். ஆனால் நடந்த திருமணம் திருமணமே. எலினோர் மடத்தில் சேரவில்லை. 1238இல் சைமன் ரோமுக்கே போய் போப்பாண்டவர் ஒன்பதாம் கிரிகோரியிடம் தீர்ப்பு வாங்கிவந்தார். அதற்கு ஆன செலவு வேறு கதை.

ஆடம்பரம் பற்றியும் ஒன்று. கடிதம் நடத்தையைக் கண்டிக்கிறது. வீட்டை எப்படி நடத்தினார் என்பதற்குக் கணக்குச் சுருளே இருக்கிறது. 1265 பிப்ரவரி 19 முதல் ஆகஸ்ட் 29 வரை, பெரும்பாலும் ஓடியத்திலும் டோவரிலும் எழுதியது. ஒவ்வொரு நாளுக்கும் முதலில் யார் யார் விருந்தாளி, பிறகு ரொட்டிக்கான தானியம், வைன், பியர், சமையலறை, கடைசியில் குதிரைகளின் எண்ணிக்கையும் அவற்றுக்கான வைக்கோலும் ஓட்ஸும். ஒவ்வொன்றும் கடையில் வாங்கியதா, சொந்தக் கையிருப்பில் எடுத்ததா என்று பிரித்து எழுதியிருக்கிறார்கள். தவக்காலத்தில் இறைச்சி இல்லாததால் ஒரு நாளைக்கு 400 முதல் 1,000 வரை ஹெர்ரிங் மீன் போயிருக்கிறது. இந்த எண்ணைப் பார்த்து ஆடம்பரம் என்பவர்கள் உண்டு. உப்பிட்ட ஹெர்ரிங் அன்றைக்கு மலிவான சாப்பாடு. கோட்டைக் காவலர், வேலைக்காரர், தூதர், ஏழைகள் எல்லோருக்கும் சேர்த்த கணக்கு அது. மார்ச் 19 அன்று சைமன் படையோடு ஓடியம் வந்ததும் லாயக் கணக்கு பல மடங்கு ஏறுகிறது. செலவை ஏற்றியது அரசியல், ஆடை இல்லை.

இன்னொரு பதிவு: அப்போது கெனில்வொர்த்தில் மான்ட்ஃபோர்ட் தரப்பின் கைதியாக இருந்தவர் அவருடைய சொந்த அண்ணன் ரிச்சர்ட். அவருக்கு எலினோர் மசாலாப் பொருள்களும் துணியும் அனுப்பியதும் அதே சுருளில் இருக்கிறது.

அகழிக்கரை

சுருளை நானும் மதிக்கிறேன். ஜூன் மாதம் அவர் ஓடியத்திலிருந்து போர்ச்செஸ்டர் வழியாக டோவருக்குப் போகிறார். போகும் வழியில் வின்செல்சி நகரத்தாருக்கு விருந்து வைக்கிறார். துறைமுகக்காரர்களைத் தன் பக்கம் வைத்துக்கொள்ளத்தான். திறமைசாலி என்பதில் சந்தேகமே இல்லை. என் குற்றச்சாட்டு அந்தத் திறமை எதற்குப் பயன்பட்டது என்பதே. பணத்தகராறு தீர்ந்திருந்தால் சைமனுக்கும் ஹென்றிக்கும் சமரசம் வந்திருக்கும். வராததால் 1265 ஆகஸ்ட் 4 அன்று ஈவ்ஷாமில் அரசர் தரப்போடு நடந்த போரில் கணவரும் மூத்த மகன் ஹென்றியும் செத்தார்கள். பழிவாங்குகிறேன் என்று மற்ற மகன்கள் கையும் இளைய சைமனும் 1271இல் இத்தாலியின் விட்டர்போ தேவாலயத்தில் வழிபாட்டில் இருந்த ரிச்சர்டின் மகனை, தங்கள் சொந்த மாமன் மகனை, வெட்டிக்கொன்றார்கள். 1275 கடைசியில் வேல்ஸ் இளவரசர் லெவலினை மணக்கப் புறப்பட்ட மகளையும் உடன் போன அமௌரியையும் கடலிலேயே பிடித்தார்கள். மொத்தக் குடும்பமும் சிதறியது.

பட்டயம்

விட்டர்போவை 400 பவுண்டின் கணக்கில் எழுதுவதை ஏற்கமாட்டேன். ஈவ்ஷாமில் சைமனின் உடலைச் சிதைத்ததற்கான பழி அது. ஈவ்ஷாமுக்குக் காரணம், யாரை ஆலோசகராக வைப்பது என்பதை அரசர் தனியாக முடிவுசெய்யலாமா என்ற கேள்வி. அதற்காகச் செத்த மற்ற நைட்டுகளுக்கு மார்ஷல் சொத்தில் ஒரு பென்னியும் சம்பந்தம் இல்லை.

உங்கள் வாதத்தை ஈவ்ஷாமுக்குப் பிறகு வைத்துப் பாருங்கள். துரோகியின் நிலம் பறிமுதலாகும், அவன் விதவைக்கு அதில் பங்கில்லை என்பது விதி. லெஸ்டர் அப்படியே அரசரின் இளைய மகன் எட்மண்டுக்குப் போனது. கெனில்வொர்த்தும் முற்றுகைக்குப்பின் அவருக்கே. எலினோர் அக்டோபர் கடைசியில் டோவரிலிருந்து கப்பலேறி, சைமனின் சகோதரி அமிசியா நிறுவிய மான்டார்ஜி டொமினிக்கன் கன்னிமடத்தில் தங்கினார். 1266இல் கெனில்வொர்த் தீர்ப்பு மற்ற கிளர்ச்சியாளர்களுக்கெல்லாம் அபராதத் தொகை வகுத்தது. எலினோர், மகன்கள் விவகாரத்தை மட்டும் பிரெஞ்சு அரசரிடம் விட்டது. சைமன் வழியாக வந்தது அத்தனையும் போனபின் அவருக்கென்று சட்டப்படி நின்றது, 1231இல் இறந்த முதல் கணவர் வழியாக வந்த அந்த விதவைப் பங்குதான். இரண்டாம் கணவரின் துரோகம் அதைத் தொடமுடியாது. அண்ணன் மகன் எட்வர்ட் அரசரான பிறகும் அவர் அந்த வழக்கை விடவில்லை. கணவர் இல்லாமல், தன் பெயரிலேயே நடத்தினார். சைமனின் பேராசை என்பவர்கள் இந்தப் பத்து ஆண்டுகளுக்கு என்ன விளக்கம் வைத்திருக்கிறார்கள்?

அகழிக்கரை

அப்போது அவருக்கு வேறு வருமானம் இல்லை, ஆகவே கேட்டார். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. 1259இல் கெனில்வொர்த்தும் ஓடியமும் 500 மார்க்கும் கையில் இருந்தபோது கேட்டதைப் பற்றித்தான் பேசுகிறேன்.

சுருள்வாசி

உரிமை உண்டா என்பதற்கும் அப்போது தேவை இருந்ததா என்பதற்கும் வேறு வேறு சான்றுகள் வேண்டும். மேக்னா கார்ட்டா விதவையிடம் வேறு வருமானம் இருக்கிறதா என்று கேட்கவில்லை. மூன்றில் ஒன்று என்றது, அவ்வளவுதான். 400 போதுமா என்று பார்க்க லென்ஸ்டரையும் பெம்புரோக்கையும் 1247 பாகப்பிரிவினை மதிப்பின்படி தனித்தனியே கூட்டி, கோட்டைத் தலைமையிடங்களை விலக்கிவிட்டு மூன்றில் ஒன்று எடுக்கவேண்டும். இங்கிலாந்துப் பண்ணைகளை அதில் சேர்க்கக்கூடாது; அவற்றுக்குத் தனியாகப் பங்கு வந்துவிட்டது. பலர் அவற்றையும் சேர்த்துக் கூட்டிவிட்டு எலினோருக்கு இன்னும் பெரிய இழப்பு என்று காட்டுகிறார்கள். பட்டயம் தரப்புக்கு அந்தத் தவறான கூட்டல் தேவையே இல்லை.